முதல்வர் கேட்டாலும் பெயர்ப் பட்டியலைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறை உதவிப் பேராசிரியர் நான், வயது 31. இரண்டாம் ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ.வில் 14 பேர், அதில் 9 பேர் பெண்கள். இவர்களுக்கு ஒரு செமஸ்டருக்குள் போதைப்பொருள் கொள்கை ஆய்வு பழக்கிவிட வேண்டும் என்று ஆசை, ஆனால் எனக்கே அதில் பயிற்சி கிடையாது. எங்கள் கல்லூரியிலேயே 400 மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து யார் யார் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம் என்பது திட்டம். முதல்வர் ஒத்துக்கொண்டார், ஆனால் "பேரு, டிபார்ட்மெண்ட் போட்டு லிஸ்ட் எனக்கு வேணும், திருத்தறதுக்குத்தான்" என்கிறார். இரண்டு பெற்றோர் நேரில் வந்து "பொண்ணுகளை இதுக்கா படிக்க அனுப்பினோம்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொன்று, ஒரு மாணவி தனியாக வந்து தன் தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று அழுதாள். அதை ஒரு கேஸ் ஸ்டடியாகச் சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேர்க்கக் கூடாது. அந்தப் பெண் உங்களிடம் வந்தது ஆய்வுக்கு ஆள் கொடுக்க இல்லை, தாங்க முடியாமல் வந்திருக்கிறாள். நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது என்னவென்றால், 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் அவள் கையில் கொடுத்து, உங்கள் அறையில் உட்கார்ந்தே பேச வையுங்கள். அப்புறம் வீட்டில் யார் பக்குவமாகப் பேசக் கூடியவர் என்று கேளுங்கள், அப்பாவா மாமாவா சித்தியா, அவரோடு பையனைப் பெருந்துறையிலோ கோவையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ஊசியைப் பிறரோடு பகிர்ந்திருந்தால் அதையும், மஞ்சள் காமாலைக் கிருமிக்கான பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். தோட்டத்து வீட்டில் வைத்துப் பூட்டினால் சரியாகிவிடுவான் என்று யாராவது சொன்னால் தடுங்கள். வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால், அதில் சில வகைகளைத் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அடித்துத் திருத்துகிறேன் என்று சொல்லும் மையங்களுக்கும் அனுப்ப வேண்டாம்.

போலீஸ் பயம் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் படித்துக் காட்டுங்கள். பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கிய ஒருவர் தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. 1985-ல் வந்த சட்டத்துக்குள் இப்படி ஒரு கதவு இருப்பது பெற்றோரில் நூற்றில் ஒருவருக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். யோசித்துப் பாருங்கள், இதுவே உங்கள் 14 பேரில் ஒருவருக்கு முழு ஆய்வுத் தலைப்பு: சட்டம் திறந்து வைத்த கதவு வழியாக நம் மாவட்டத்தில் யாராவது நுழைந்திருக்கிறார்களா, இல்லையென்றால் எங்கே அடைபட்டிருக்கிறது, வக்கீலிடமா, ஸ்டேஷனிலா, மருத்துவமனையிலா?

இனி பட்டியல். கொடுக்காதீர்கள். கொடுப்பதில்லை என்று சொல்வதற்கு முன்னால், கொடுக்க முடியாதபடி செய்யுங்கள், அதாவது பெயரை வாங்கவே வாங்காதீர்கள். முதல்வர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, அவர் பயம் எனக்குப் புரிகிறது, நாளைக்கு ஹாஸ்டலில் ஏதாவது ஆனால் அவரைத்தான் கேட்பார்கள். ஆனாலும் ஆய்வு என்று சொல்லி வாங்கிய பதிலை வைத்து ஒரு பையனைக் கூப்பிட்டு விசாரித்தால் அது ஏமாற்று வேலை. அதற்கப்புறம் அந்தக் கல்லூரியில் எந்த மாணவனும் எந்த வாத்தியாரிடமும் உண்மை பேச மாட்டான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் நானே ஒரு கல்லூரிக்காக இப்படி ஓர் ஆய்வு செய்தேன். பெயர் எழுதவில்லை, அதனால் ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று நம்பினேன். அறிக்கையில் ஓர் இடத்தில் "முதலாம் ஆண்டு, விடுதி மாணவர், தந்தை இல்லை, தாராபுரம் பக்கத்துக் கிராமம்" என்று எழுதிவிட்டேன். அந்த விடுதியில் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான். நிர்வாகம் ஒரே நாளில் கண்டுபிடித்து டி.சி. கொடுத்து அனுப்பியது. அவன் அம்மா நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைத் தேடி வந்து, திட்டக்கூட இல்லை, "நீங்கதான் சார் அவன்கிட்ட பேசுனீங்களாமா, கொஞ்சம் சொல்லுங்க சார்" என்று கேட்டுவிட்டு நின்றார். நான் அந்த அலுவலகத்துக்கு எட்டு முறை நடந்தேன், பலனில்லை. அன்றிலிருந்து என் மாணவர்கள் எழுதும் ஒவ்வொரு மேற்கோளையும், ஊர், சாதி, அப்பா தொழில், வண்டி, இதில் எதை வைத்தாவது ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நானே சரிபார்க்கிறேன். நம் ஊர்களில் மூன்று விவரம் போதும், நாலாவது தேவைப்படாது.

சட்டப்படியும் கவனம் வேண்டும். வக்கீலுக்கு இருக்கும் பாதுகாப்பு ஓர் ஆய்வு மாணவிக்கு இல்லை. அதே சட்டத்தின் 67-வது பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி விசாரணைக்குத் தேவையான தகவலையும் ஆவணத்தையும் யாரிடமும் கேட்கலாம். அப்படி வாங்கிய வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், தூஃபான் சிங் வழக்கு. ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவருடைய வாக்குமூலத்தைப் பற்றிய தீர்ப்பு, உங்கள் மாணவியின் நோட்டுப் புத்தகத்தைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். நோட்டில் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, தெரு இல்லை, குரல் பதிவு எழுத்தான அன்றே அழிக்கப்பட்டது, வாட்ஸாப்பில் எதுவும் அனுப்பவில்லை, இவ்வளவுதான் பாதுகாப்பு. பேட்டி தொடங்கும் முன்பே "யாரிடம் வாங்கினீர்கள், யார் விற்கிறார்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள், நாங்கள் கேட்கவும் மாட்டோம்" என்று சொல்லப் பழக்குங்கள். ஆய்வுகளைப் பார்த்து அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழு உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், பக்கத்தில் மருத்துவக் கல்லூரியோ பெரிய கல்லூரியோ வைத்திருக்கும் குழுவிடம் விண்ணப்பியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பற்றிய பகுதியை வகுப்பில் வரி வரியாகப் படியுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் திட்டத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 400 பேரிடம் கேள்வித்தாள் கொடுப்பது கொள்கை ஆய்வே இல்லை. எத்தனை பேர் என்று எண்ணுவது வேறு வேலை, அதற்கு எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளிவந்த கணக்கெடுப்பு இருக்கிறது. 2 லட்சம் வீடுகளில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களைக் கேட்டு, மது 14.6 சதவீதம், கஞ்சாவும் பாங்கும் சேர்த்து 2.8 சதவீதம், அபின், ஹெராயின், சில வலி மாத்திரைகள் சேர்ந்த ஓபியாய்டு வகை 2 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றார்கள். அவ்வளவு பெரிய கணக்கெடுப்பே மாநில அளவுக்குத்தான் எண் சொல்லும், ஈரோடு மாவட்டத்துக்குத் தனியாகச் சொல்லாது. 14 மாணவர்கள் ஒரு கல்லூரிக்குள் எடுக்கும் எண் எதைச் சொல்லப்போகிறது? பெயர் போட்டால் எல்லாரும் "இல்லை" என்பார்கள், பெயர் போடாவிட்டால் விளையாட்டுக்கு "ஆம்" என்பார்கள்.

கொள்கை ஆய்வு என்றால் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் கூடவே போவது. சென்னையிலோ டெல்லியிலோ ஒரு வரி எழுதுகிறார்கள், அந்த வரி கலெக்டர் அலுவலகம், தாலுகா, ஸ்டேஷன், மெடிக்கல், பள்ளிக்கூட வாசல் என்று இறங்கி வந்து ஒரு மனிதர் மேல் விழும்போது என்னவாக மாறியிருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் மாணவர்களுக்கு இந்த ஒரு கண் திறந்துவிட்டால் போதும், மீதி எல்லாம் நடைமுறை.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது, நோக்கம் சாலை விபத்தைக் குறைப்பது. 2017 மார்ச் 31-ல் மக்கள்தொகை 20,000-க்குக் குறைந்த இடங்களில் 220 மீட்டர் என்று திருத்தினார்கள். ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. கடை மூடினால் விற்பனை இலக்கு மூடிவிடுமா? ரோட்டிலிருந்த கடைக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். பல்லடம் பக்கம் சாமளாபுரத்தில் கடை வரக்கூடாது என்று பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததும், அங்கே ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததும் ஏப்ரல் 11-ல், அதாவது பத்தே நாளில். அதை நாடே டிவியில் பார்த்தது. சில மாதத்தில் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது. விபத்தைத் தடுக்க எழுதிய வரி, இடையில் எத்தனை கை மாறி, கடைசியில் யார் வீட்டு வாசலில் வந்து நின்றது பாருங்கள். இதில் நீங்கள் குடிக்கிறீர்களா என்று ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. தீர்ப்பு, அரசாணை, கிராமசபைத் தீர்மானம், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுத்த மனுக்கள், கடைக்கு வாடகைக்கு இடம் கொடுத்தவர், பழைய கடைக்குப் பக்கத்தில் பொரி கடை வைத்திருந்தவர், அன்று ரோட்டில் உட்கார்ந்த பெண்கள், இவ்வளவு பேர் இருக்கிறார்கள். உங்கள் 9 மாணவிகளும் பட்டப்பகலில் இரண்டிரண்டு பேராகப் போய்ச் செய்யக்கூடிய வேலை. பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான், கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இன்னும் பழைய விஷயம் ஒன்று உண்டு. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது பழைய சேலம் மாவட்டத்தில்தான், இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. அப்புறம் மதுவிலக்கு போனது, மாகாணம் முழுக்க 1948-ல் வந்தது, 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1983-ல் டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். விற்பனை வரி மட்டும் வந்தது வந்ததுதான். ஒரு மாணவர் இதை மட்டும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு, பழைய அறிக்கைகளோடு ஒத்துப் பார்த்தாலே நல்ல பிராஜெக்ட்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக எல்லை தாண்டினால் கேரளத்தில் சித்தூர்ப் பக்கம் உரிமம் வாங்கிய கள்ளுக்கடை நடக்கிறது. இந்தப் பக்கம் 1987 ஜனவரியிலிருந்து கள் இறக்கத் தடை. அதே தென்னை, அதே பாளை. புளிக்காத நீரா இறக்கலாம், கள் இறக்கினால் வழக்கு. நம் தோட்டக்காரர்கள் கள் உணவா போதையா என்று எவ்வளவு காலமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் நீராவுக்கு அனுமதி வாங்கியவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள், எங்கே சிரமப்படுகிறார்கள் என்று மரத்தடியில் உட்கார்ந்து கேட்டு எழுதிய மாணவர் ஆய்வு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் வகுப்பிலிருந்து வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

முதல் மூன்று வாரம் களத்துக்கே அனுப்பாதீர்கள். 1985 சட்டத்தை வாய்விட்டுப் படிக்க வையுங்கள், தமிழில் விளக்கம் சொல்ல வையுங்கள். கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு, ஜாமீன் கிடைப்பதே அரிது. நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு மாதத்துப் பேப்பரில் வந்த கைதுச் செய்திகளை வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எடையை மட்டும் வரிசையாக எழுதினால், அந்த 1 கிலோ கோட்டுக்கு மேலே குவிகிறதா கீழே குவிகிறதா, ஒரே மாதிரி பரவியிருக்கிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். குவிந்தால் ஏன்? விற்பவர் கோட்டைத் தெரிந்து கொண்டு வருகிறாரா, எழுதுபவர் தெரிந்து எழுதுகிறாரா, எடை போடும்போது காம்பும் இலையும் சேர்ந்ததா? சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிதான், நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. அந்த இலைதான் வடக்கே பாங்கு, உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கடையில் விற்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அங்கிருந்து வந்த ஒரு தொழிலாளிக்கு எது குற்றம், எது குற்றமில்லை என்பது ரயில் ஏறி இறங்குவதற்குள் மாறிவிடுகிறது. இதை மாணவர்கள் புரிந்துகொண்டால் "வடக்கத்தி ஆளுங்கதான் சார் கொண்டு வர்றாங்க" என்று யாரோ சொன்னதைக் கருதுகோளாக எழுதிக்கொண்டு வர மாட்டார்கள். அப்படி எழுதி வந்தால் திருப்பிக் கொடுங்கள். கைதுக் கணக்கு போலீஸ் எங்கே தேடியது என்பதைச் சொல்லும், யார் பயன்படுத்துகிறார் என்பதைச் சொல்லாது.

பதிவேட்டை நம்புவது பற்றி ஒரு பழைய கதையையும் வகுப்பில் சொல்லுங்கள். 1893-ல் ஆங்கில அரசு இந்திய கஞ்சா விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது, 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள், பல தொகுதி அறிக்கை, இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அப்போது எல்லாரும் சொன்னது, கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும், மனநோய் விடுதிப் பதிவேடுகளே சாட்சி என்று. குழு என்ன செய்தது தெரியுமா? பதிவேட்டில் "காரணம்: கஞ்சா" என்று எழுதியவர் யார், எதை வைத்து எழுதினார் என்று ஒவ்வொரு நோயாளியாகத் திரும்பத் தேடிப் போனது. பல இடங்களில் போலீஸ் அனுப்பிய தாளில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள், யாரும் விசாரிக்கவே இல்லை. கடைசியில் அந்தக் குழு முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. அந்த முடிவை நீங்களும் நானும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை, இன்றைய சரக்கின் வீரியம் வேறு, சின்ன வயதில் தொடங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், எனக்குப் பயம் உண்டு. ஆனால் பதிவேட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்த அந்தப் பழக்கம், அதைத்தான் உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். மறுவாழ்வு மையத்தில் "குணமடைந்தவர்" என்று ஓர் எண் கொடுத்தால், எத்தனை நாள் கழித்து, யார் போய்ப் பார்த்து அப்படி எழுதினார் என்று கேட்கிற பழக்கம்.

தரவு எங்கே என்று கேட்பீர்கள். சட்டமன்றத்தில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஒவ்வோர் ஆண்டும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, பத்தாண்டுக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் எந்தச் சொல் வந்தது, எந்தச் சொல் போனது என்பதே ஒரு கட்டுரை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த வழக்கும் கடத்தல் வழக்கும் தனித்தனியாக இருக்கும். கோவையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்று சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது, அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் 10 ரூபாய் கட்டி ஒரு தகவல் உரிமை மனு போடட்டும், 30 நாளில் பதில் வர வேண்டும், செமஸ்டர் தொடங்கும் வாரமே போட்டால்தான் கைக்குக் கிடைக்கும். பதில் வராவிட்டால் அதையும் எழுதட்டும்.

மாத்திரை விஷயத்தில் மெடிக்கல் கடைக்காரர்களைப் பேச வையுங்கள், அவர்களை யாரும் கேட்பதே இல்லை. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதன் பிறகு கடைக்கு வந்து கேட்கிறவர்கள் எந்த மாத்திரைக்கு மாறினார்கள், சீட்டு இல்லாமல் கொடுக்க மறுத்தால் கடைக்காரருக்கு என்ன மிரட்டல் வருகிறது, புற்றுநோய் வலியோடு இருக்கும் பாட்டிக்கு மருந்து கிடைப்பது கஷ்டமாகிவிட்டதா? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கட்டுப்பாடு இறுகும்போது யாருக்கு வலிக்கிறது என்பதும் கொள்கைதான்.

பயன்படுத்துகிறவர்களின் குரலே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் மாதிரிக்கு ஆளாக இல்லை, ஆசிரியராக. மீண்டு வந்தவர்கள் இரண்டு மூன்று பேரை, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. குழு மூலமாகவோ மருத்துவமனை மூலமாகவோ அவர்கள் விருப்பத்தோடு அழைத்து, உங்கள் கேள்விகளைத் திருத்தச் சொல்லுங்கள். பஸ் செலவும், வந்த நாளுக்கான கூலியும் கொடுங்கள், அன்றைக்குத் தறி ஓட்டாமல் வந்திருப்பார். என் வகுப்புக்கு வந்த ஒருவர் "நீர் மது அருந்தும் பழக்கம் உடையவரா" என்ற கேள்வியைப் பார்த்துவிட்டு, "இதைக் கேட்டா நானே இல்லைன்னுதான் சொல்லுவேன், கோர்ட்ல கேக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். சரி, எப்படிக் கேட்பது என்றேன். "கடைசியா எப்பங்க சரக்கு சாப்பிட்டீங்கன்னு கேளுங்க" என்றார். அந்த ஒரு திருத்தம் எனக்கு எந்தப் பயிலரங்கிலும் கிடைக்கவில்லை. "போதை அடிமை" என்ற சொல்லையும் கேள்வித்தாளில் எடுத்துவிடுங்கள், அந்தச் சொல்லைப் படித்தவுடன் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

எண்ணிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று மாணவர்கள் துடித்தால், 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் தொடங்கி வைத்த முறை ஒன்றின் எளிய வடிவத்தைக் கற்றுக்கொடுங்கள், ஆனால் போதையில் தொடங்காதீர்கள், பரீட்சையில் பிட் அடித்ததுண்டா என்று தொடங்குங்கள். 200 பேர் கையில் ஆளுக்கொரு ரூபாய்க் காசு. யாருக்கும் காட்டாமல் சுண்ட வேண்டும், தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆம்" என்று எழுத வேண்டும், பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். எந்த ஒரு தாளையும் எடுத்து இவன் பிட் அடித்தான் என்று சொல்லவே முடியாது. 130 "ஆம்" வந்தால், சுமார் 100 காசு சொன்னது, மீதி 30 பூ விழுந்த சுமார் 100 பேரிடமிருந்து வந்தது, ஆக ஏறக்குறைய 30 சதவீதம். முதல்வரையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பட்டியல் இல்லாமலே ஒரு கல்லூரியின் நிலையைத் தெரிந்துகொள்ள முடியும் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். பட்டியல் கேட்பதை நிறுத்துவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: இது நம் கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல, பொது விதிகளைப் பற்றியது. எந்தக் கட்டத்திலும் யாருடைய பெயரும் சேகரிக்கப்படாது, அதனால் யாருக்கும் தரப்படாது. உதவி தேவைப்படும் மாணவர் தானாக வந்தால் அனுப்பிவைக்க மருத்துவமனை ஏற்பாடு தனியாகச் செய்திருக்கிறோம். மூன்றாவதை உண்மையிலேயே செய்துவிட்டு எழுதுங்கள், வெறும் தாளில் வேண்டாம்.

பெற்றோரைப் போனில் சமாதானப்படுத்தாதீர்கள். ஒரு சனிக்கிழமை மதியம், சந்தை நாளாக இல்லாமல் பார்த்து, வரச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம், அந்த 9 பெண்களே தாங்கள் யாரைச் சந்திக்கப் போகிறோம், எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு என்று சொல்லட்டும். சந்துக் கடைக்கும் பாருக்கும் போகப்போவதில்லை, மெடிக்கல் கடைக்காரர், தலைமை ஆசிரியர், வக்கீல், மகளிர் குழுத் தலைவி இவர்களைத்தான் என்று தெரிந்தால் பாதிப் பேருக்குக் கோபம் அடங்கிவிடும். ஒன்று சொல்கிறேன், நான் நடத்திய இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஓர் அம்மா எழுந்து நின்று எங்கள் வீட்டுக்காரர் பற்றியோ எங்கள் அண்ணன் மகன் பற்றியோ பேசியிருக்கிறார். அதற்குத் தயாராகப் போங்கள், அந்த நேரத்தில் யாரும் குறிப்பெடுக்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு எண்களையும் கரும்பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

14 பேரும் ஆளுக்கு ஒரு விதியைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த 14 வரிகளையும் எனக்கு அனுப்புங்கள். கேள்வித்தாள் வேண்டாம், அந்த வரிகள் போதும். அந்தப் பெண்ணின் தம்பியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போயாகிவிட்டது என்றால் அதை மட்டும் இந்த வாரமே ஒரு வரி எழுதுங்கள்.